லாபத்துக்கு அடுத்த சொல்

முருகனை நம்பி வாழும் உங்கள் முன்னால் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். நம் கிருத்திகைக் கூட்டத்தில் பேசிய பலரும், தாங்கள் கேட்டதை அவன் கொடுத்தான் என்று சொன்னீர்கள். என் கதை வேறு. நான் கேட்டதை அவன் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வாயிருக்காது.

என் மனைவி மயிலாத்தாளுக்குப் பேச்சு நின்றுபோனது விரோதிகிருது வருஷம், மாசி மாதம். அப்போது திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில்தான் பனியன் தைத்துக்கொண்டிருந்தோம். நான்கு தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு மேஜை. வெட்டுவது நான். தைத்து வந்த பனியனைப் பார்த்து எடுப்பது மயிலாத்தாள். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பனியனைப் பிடித்து, உள்ளே கையை விட்டு விரித்துப் பார்ப்பாள். எங்கேயாவது கண்ணி விட்டு ஓட்டை தெரிந்தால் தனியே போடுவாள். நல்லதை மடித்து, எண்ணி, டஜன் டஜனாகக் கட்டுவாள். எண்ணும்போது ஒரு ராகம் இழுப்பாள். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த இழுப்புக்குத் தகுந்தபடி மெஷின்காரர்களின் கால் மிதிக்கும். அவள் சாப்பிட எழுந்தால் மெஷின்களும் கொஞ்சம் மந்தமாகிவிடும். இதையெல்லாம் அப்போது நான் கவனித்தவனில்லை. இப்போது நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அவள் விழுவதற்கு முந்தின நாள் மாலை என்னிடம், "தலை கனமா இருக்குதுங்க. சித்த படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"இந்தக் கட்டு முடியட்டும். சரக்கு எடுக்கப் பாய் காலையில வந்துருவாரு" என்றேன்.

அவள் கட்டை முடித்துவிட்டுத்தான் படுத்தாள். மறுநாள் காலை அடுப்படியில் விழுந்தாள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் கோணிப்போயிற்று. கண் மட்டும் எங்களையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தக் கொதிப்பு என்றார்கள். பல வருஷமாக இருந்திருக்கும், ஒருநாள் வேலையால் வந்ததில்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். அதை அப்படியே என் டைரியில் எழுதிக்கொண்டேன். எழுதினதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தக் கட்டு முடியட்டும்" என்று நான் சொன்னது காதுக்குள் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்தபின் அவளைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை ருக்குமணி ஊத்துக்குளியிலிருந்து வந்து தங்கினாள். கையோடு ஒரு தூக்குப்போசி வெண்ணெய், வாயோடு ஓயாத பேச்சு. பேச்சில்லாத அக்காவிடம் பேசிப் பேசியே அவளைத் தூக்கி உட்கார வைப்பாள், தலை வாருவாள், ஊட்டிவிடுவாள்.

பங்குனியில் ஒரு மதியம். ருக்குமணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மயிலாத்தாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். மூன்றாவது கரண்டியை இடது கையால் தள்ளிவிட்டு, என்னை நேராகப் பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு ஒரு சொல் வந்தது. கோணல் குழறல் எதுவுமில்லாமல் முழுசாக வந்தது.

"லாபம்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷம். பேசிவிட்டாள்! அடுத்த கணம் கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டேன். இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்தவள், எல்லாச் சொல்லையும் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல் இது. தலை கனக்கிறது என்றபோது படுக்க விடாதவனுக்கு வேறு எந்தச் சொல் பொருந்தும்?

"லாபம்" என்றாள் மறுபடியும். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

நான் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது. வேறு ஒரு சொல்லும் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும், திருப்பிப் படுக்க வேண்டும் என்றாலும், சும்மா இருக்கும்போதும் அதே சொல். என்னைக் கண்டால் மட்டும் அதிகமாகச் சொன்னாள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டு என் வாயையே பார்ப்பாள், ஏதோ பதில் எதிர்பார்க்கிற மாதிரி. நான் எழுந்து போய்விடுவேன்.

ருக்குமணி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏனுங் மச்சான், எங்கக்கா வாயத் தொறந்தா நீங்க எதுக்கு வாசலுக்கு ஓடறீங்க? காத்துக் கருப்பக் கண்டாப்புல!"

"வேல இருக்குதம்மிணி" என்றேன்.

"ஆமாமா. வாசத் திண்ணையில உக்காந்து மோட்டுவளையப் பாக்கறது பெரிய வேலதான்."

தெருக் குழாயடியிலும் பேச்சு வந்துவிட்டது. குடத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எப்புடி வேல வாங்கியிருந்தா அந்தப் புள்ள நோவுல கெடந்தும் லாபம் லாபம்னு பொலம்பும்?" எனக்குக் கோபம் வரவில்லை. என் மனசில் இருந்ததைத்தானே அவளும் சொன்னாள்!

சித்திரையில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பேச்சைப் பரிசோதித்தது ஒரு பெண் டாக்டர். தெற்கத்திப் பக்கத்துக்காரர், பொறுமையானவர். சாவியைக் காட்டி இது என்ன என்றார். பூவைக் காட்டினார். மயிலாத்தாள் உதட்டை மட்டும் அசைத்தாள். கடைசியில், "சரிம்மா, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க பாப்போம்" என்றார்.

மயிலாத்தாள் முகம் மலர்ந்தது. "லாபம்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இடது கை கட்டிலைத் தட்டியது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "லாபம்னா? இதுல ஏதாவது சொல்ல வர்றாங்களா? உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். அது சும்மா வருது" என்றேன்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மயிலாத்தாளின் கை நின்றது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நோயாளி இருக்கிற வீட்டில் சத்தம் ஆகாது என்று, அவளைக் கூட்டிவந்த நாளே நான் மெஷின்களை அடுத்த தெருவில் ஒரு ஓட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூட மெதுவாக வைக்கச் சொன்னேன். எல்லோரும் என்னை நல்ல புருஷன் என்றார்கள். வீடு நிசப்தமாகிவிட்டது. அந்த நிசப்தத்தில் அந்த ஒற்றைச் சொல் இன்னும் பெரிதாகக் கேட்டது. மயிலாத்தாள் வரவரச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். காரணமில்லாமல் அழுதாள்.

ஆடிக் கிருத்திகைக்கு நான் காங்கயம் பஸ் ஏறிச் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். காவடிகளின் கூட்டம். எங்கும் அரோகரா. நான் ஒரு தூண் ஓரமாக நின்றேன். அவளுக்குப் பேச்சு வர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். தீபாராதனை காட்டும்போது என் வாயில் வந்தது வேறு.

"முருகா, எல்லாச் சொல்லையும் எடுத்துக்கிட்டே. இந்த ஒண்ண மட்டும் எதுக்கு உட்டு வெச்சே? இதையும் எடுத்துக்க. என்னால கேக்க முடியல."

கேட்டு முடித்தபின்தான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. பெண்டாட்டி ஊமையாகிவிடட்டும் என்று வேண்டியவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திருநீறு வாங்கக் கை நீளவில்லை. வாங்காமலே இறங்கினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "நல்ல தரிசனமுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

திருப்பூரில் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முன்கட்டில் ஆள் சத்தம். கொட்டகையில் ஓடு ஒழுகியதால் பையன்கள் சரக்கை எல்லாம் நனையாமல் இங்கே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். அதை வாங்கிப்போக ஹனீபா பாய் வந்து உட்கார்ந்திருந்தார். பல வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறவர். தன் கையால் எண்ணாமல் ஒரு கட்டும் எடுக்கமாட்டார்.

என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "உள்ள அண்ணி தூங்கறாங்களாண்ணா? வேணும்னா எண்ணாமயே எடுத்துட்டுப் போறேன். இன்னிக்கு ஒரு நாள் உங்கள நம்பித் தொலைக்கிறேன்."

"பரவால்லீங்க பாய். எண்ணுங்க" என்றேன். அலுப்பாக ஒரு மூலையில் சாய்ந்தேன்.

பாய் ஒரு கட்டைப் பிரித்தார். பனியனை ஒவ்வொன்றாக எடுத்து இடப்பக்கம் போட்டுக்கொண்டே, எங்கள் தொழிலில் எல்லோரும் இழுக்கிற அந்த இழுப்பில் தொடங்கினார்.

"லாபோ...ம். ரெண்டே... மூணே..."

எங்கள் தொழிலில் யாரும் ஒன்று என்று எண்ணத் தொடங்குவதில்லை. களத்தில் தானியம் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை லாபம் என்பார்கள் அல்லவா, அந்த வழக்கம்தான். முதல் உருப்படி லாபம். அடுத்தது ரெண்டு. நானும் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் எண்ணுகிறேன்.

மூன்றாவது பனியனில் பாய்க்கு ஒரு சந்தேகம் வந்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். எண்ணிக்கை நின்றது.

உள்ளே இருந்து குரல் வந்தது. "நாலே..."

பாய் பனியனை இறக்காமலே, "யாரம்மா அது? நான் இன்னும் மூணுலயே நிக்கிறேன். கணக்கக் கலைக்காதே!" என்றார்.

"நா இல்லீங்க பாய்" என்று ருக்குமணி பின்கட்டிலிருந்து கத்தினாள். "நா இங்க அம்மிக்கல்லுல கெடக்கறேன்."

பாய் பனியனை மெல்ல இறக்கினார்.

"அஞ்சே... ஆறே... ஏழே..."

நான் நிலைப்படியில் போய் நின்றேன். மயிலாத்தாள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இடது கை கட்டில் சட்டத்தை ஒரு எண்ணுக்கு ஒரு தட்டாகத் தட்டியது. குரல் கம்மலாக இருந்தது. ராகம் கொஞ்சமும் பிசகவில்லை. பத்து வந்தது. பதினொண்ணு வந்தது. "பன்னண்டே... கட்டு" என்று முடித்தாள். ஒவ்வொரு டஜன் முடியும்போதும் அவள் சொல்கிற அதே கட்டு. பையன் ஒருவன் பழக்க தோஷத்தில் கயிற்றை எடுத்துக் கட்டப் போனான்.

ருக்குமணி அரைத்த கையோடு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாய் மேலே பார்த்து இரண்டு கையையும் ஏந்தி ஏதோ சொன்னார். பிறகு, "யாரும் நடுவுல பேசாதீங்க. நான் அடுத்த கட்டு தொடங்கறேன்" என்று உரக்க எண்ணினார். ஒவ்வொரு கட்டுக்கும் அவர் லாபம் என்று எடுத்துக் கொடுக்க, இவள் உள்ளேயிருந்து கூடவே வந்தாள். எல்லாக் கட்டும் முடிந்தபின்னும் எண்ணியதையே திரும்ப எண்ணினார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே சரக்க ரெண்டு தரம் எண்ணிட்டேன். அதுக்குன்னு ரெண்டு தரம் பில்லு போட்டுறாதீங்கண்ணா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன்.

அவள் என்னைத் திட்டவே இல்லை. எண்ணத் தொடங்கியிருக்கிறாள். டாக்டர் எண்ணச் சொன்னார், இவள் சரியாகப் பதில் சொன்னாள். அந்த அறையில் அந்தப் பதில் புரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். தினமும் நூறு தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறவன். அர்த்தமில்லை என்று சொன்னதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் முதல் படியில் காலை வைத்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். நான் எழுந்து எழுந்து போயிருக்கிறேன். போதாததற்கு, அவளைக் கைபிடித்து நடத்தியிருக்கக்கூடிய மெஷின் சத்தத்தையும் எண்ணிக்கைச் சத்தத்தையும் வீட்டைவிட்டு அனுப்பினேன்.

அந்தச் சொல்லை எடுத்துவிடு என்று காலையில் கேட்டேன். சாயங்காலம் அவன் அதற்கு அடுத்த சொல்லைக் கொடுத்தான். இதை வேண்டுதலுக்குப் பலன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வேண்டியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்த இரக்கத்துக்குத்தான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். நான் உள்ளதைச் சொன்னேன். லாபம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒன்று என்றேன். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை, என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்து மறைத்துவிட்டேன் என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், மயிலாத்தாளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எண்ணச் சொன்னார். இவள் எண்ணினாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களுக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன்.

பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால் சொல் வராது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும், வாய்க்கு வழி கிடைக்காது. ஆனால் பாட்டுக்கு மூளையில் வேறு இடங்களும் துணை நிற்கின்றன. அதனால் பேச முடியாதவர் சிலர், பழகின பாட்டை எடுத்துக் கொடுத்தால் சொல்லோடு பாடிவிடுவார்கள். இதை வெளிநாடுகளில் ஒரு சிகிச்சையாகவே செய்து பார்க்கிறார்கள், இசை வைத்தியம் என்று சொல்லலாம் என்றார். சும்மா ரேடியோவைப் போட்டுவிட்டு உட்காருவது இதில் சேராது. நோயாளிக்கு என்ன தேவை என்று பார்த்து, அவருக்குச் சொந்தமான ராகத்தையும் தாளத்தையும் எடுத்து, அவரையே பாட வைத்து, பாட்டிலிருந்து பேச்சுக்கு மெல்ல மெல்லக் கூட்டிவர வேண்டும். நடை தடுமாறுகிறவர்களுக்குத் தாளம் காலை எடுத்துவைக்க உதவுவதுண்டு. மனசு ஒடிந்து கிடப்பவர்களுக்கும் பயத்தில் இருப்பவர்களுக்கும் வேண்டிய இசை மூச்சை நிதானமாக்கி, மனசு திறக்க வழி செய்யும்.

"பாட்டு கேட்டா நோய் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றும் சொன்னார். "மாத்திரைய நிறுத்தக் கூடாது. எல்லாருக்கும் இது பலிக்காது. பலிக்கிறவங்களுக்கும் பழைய பேச்சு முழுசா வராம போகலாம். தினமும் செய்யணும், பக்கத்துல ஆள் இருக்கணும்."

பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத்தான் அது வந்து தைத்தது.

முறையையும் சொல்லிக்கொடுத்தார். அந்த எண்ணிக்கை ராகத்திலேயே சின்னச் சின்ன வாக்கியம் போட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் அவள் இடது கையை மெல்லத் தட்ட வேண்டும். முதலில் நான் பாட வேண்டும், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு நான் பாதியில் நிறுத்த அவள் முடிக்க வேண்டும். முதல் வாக்கியம் "தண்ணி வேணும்". எனக்குக் குரலும் கிடையாது, சுருதியும் கிடையாது. நான் பாடியதைக் கேட்டு மயிலாத்தாள் முகத்தைச் சுளித்தாள். விழுந்த பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் குறும்பு அது.

"மச்சான் பாடறதக் கேட்டு நிறுத்தச் சொல்றதுக்காகவே எங்கக்காளுக்குப் பேச்சு வந்துரும் பாருங்க" என்றாள் ருக்குமணி.

மெஷின்களை மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்தேன். காலையில் வேலை தொடங்குமுன் பயிற்சி. "தண்ணி வேணும்" வந்தது. "சூடா வேணும்" வந்தது. புரட்டாசியில் ஒரு நாள் ருக்குமணி வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் எடுத்துக் கொடுக்காமல், தானாகக் கையைத் தட்டி, "உப்பே... பத்தலே..." என்று இழுத்தாள். ருக்குமணி கரண்டியோடு நின்று, "இதுக்கா நா ஊத்துக்குளிய உட்டுட்டு வந்தேன்? பேச்சு வந்ததும் மொதப் பழி எம்மேல!" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

எல்லா நாளும் அப்படி இருந்ததில்லை. நேற்று வந்த சொல் இன்று வராது. ஒருநாள் ஆத்திரத்தில் டம்ளரை எறிந்தாள். அப்படிப்பட்ட நாளில் வாக்கியத்தை விட்டுவிட்டு வெறுமனே எண்ணுவோம். பன்னிரண்டு வந்து கட்டு என்றதும் அவள் மூச்சு அடங்கும். இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள் பலர் கிருத்திகைதோறும் எங்கள் வீட்டுக்கு ஜால்ராவோடு வந்து பஜனை வைத்தீர்கள். முதலில் முருகா என்ற இடத்தில் மட்டும் சேர்ந்துகொண்டாள். பிறகு அடி முழுவதும் வந்தது. அழுகை குறைந்தது. சாப்பாடு ஏறியது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தபோது, தட்டிக்கொண்டே ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்படுத்திப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இன்றும் அவள் பேச்சு பழையபடி இல்லை. வலது கை எழவில்லை. பெயர்கள் தவறும். நீளமாகச் சொல்ல வேண்டுமென்றால் மடியில் கை தட்டும், வாக்கியத்தின் முனையில் ராகம் எட்டிப் பார்க்கும். ஆனால் கடைக்காரனை அதட்டுகிறாள். தங்கையோடு சண்டை போடுகிறாள். பனியனை மடியில் போட்டு இடது கையால் தடவி ஓட்டை கண்டுபிடிக்கிறாள்.

நான் மாறினேனா என்று கேட்டால், ஒன்று சொல்லலாம். யாருக்காவது இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்கிறேன். குண்டடத்தில் ஒரு விவசாயி. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துத் தண்ணீர் பாய்ச்சிய காலத்து ஆள். அவருடைய மகனிடம், அப்பா மாட்டை ஓட்டும்போது என்ன பாடுவார் என்று கேட்டேன். மகன் வெட்கப்பட்டுக்கொண்டே பாடினான். பெரியவர் வாயில் சொல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் தலை ஆடியது, காலால் தாளம் போட்டார், மகன் கையை விடவில்லை. எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை என்று டாக்டர் சொன்னது சரிதான். கிடைப்பது முருகன் சித்தம். பக்கத்தில் உட்கார்வது நம் வேலை.

ஒரு கேள்வியை மட்டும் நான் அவளிடம் கேட்கத் துணியாமலே இருந்தேன். இந்தத் தைப்பூசத்துக்கு அவளைச் சிவன்மலைக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போனேன். அடிவாரத்தில் தேர் பார்க்க ஒரு மரத்தடியில் உட்கார வைத்தேன். மேலே அந்தத் தூண் இருக்கிறது. நான் என்ன வேண்டினேன் என்று அந்த மரத்தடியில் வைத்து அவளிடம் சொன்னேன். அவள் தேரையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப நீ என்னத்தான் திட்டறேன்னு நெனச்சுட்டேன். உம் மனசுல அப்படி ஒண்ணும் இல்லியா மயிலு?"

அவள் கை மடியில் தட்டத் தொடங்கியது. சொல் வர நேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"நா... எண்ண... ஆரம்பிச்சேனுங்க. அடுத்தது... வாயில வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க இருந்திருந்தா... ரெண்டுன்னு... சொல்லிருப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கச் சுலபமாக இருந்திருக்கும். தேர் நகர்ந்தது. எல்லோரும் அரோகரா என்றார்கள். அவளும் சொன்னாள். முதல் அரோகரா எனக்கு வாயில் வரவில்லை. இரண்டாவதைச் சொன்னேன். அந்தத் தடவை தேரடியில் திருநீறு வாங்கிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் சொல் இழந்தவர், மனசு இழந்தவர் யாராவது இருந்தால், மருத்துவரைப் பாருங்கள், முருகனிடம் சொல்லுங்கள், வீட்டை நிசப்தமாக்கிவிடாதீர்கள். அவர்களோடு கூடப் பிறந்த ராகம் ஒன்று இருக்கும். அதைத் தேடுங்கள். அவர்கள் சொல்வது உங்களைக் குத்தினாலும் எழுந்து போகாதீர்கள். நீங்கள் தவறாக வேண்டியிருந்தாலும் அவன் சரியாகக் கேட்டுக்கொள்வான். அதற்கு நான் இருக்கிறேன் சாட்சி.

எங்கள் வீட்டில் இப்போது காலையில் விளக்கேற்றியதும் முன்கட்டில் வேலை தொடங்கும். மயிலாத்தாள் முதல் பனியனை மடியில் எடுத்துப் போட்டு, லாபம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மேலே எண்ண அவளுக்கு இப்போது யாரும் தேவையில்லை. ஆனாலும் நிறுத்திப் பார்ப்பாள்.

நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டு என்பேன்.